பர்மிட் ரூம்: மும்பை இரவுக்குள் பெண்கள் நுழைந்த வாசல்கள்

சென்ற மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, மும்பை லோயர் பரேலில் ஒரு காக்டெய்ல் பாரில் தோழியோடு உட்கார்ந்திருந்தேன். சென்னையில் டாஸ்மாக் கடை வாசல் வந்தால் சாலையின் எதிர்ப்பக்கம் மாறி நடந்து பழகியவள் நான். இங்கே கவுன்டருக்குப் பின்னால் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி கறிவேப்பிலையைக் கசக்கி ஜின்னில் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாள். மேசைகளில் பாதிக்கு மேல் பெண்கள். ஜன்னலுக்கு வெளியே, பழைய பஞ்சாலை ஒன்றின் புகைபோக்கி மழையில் நனைந்து நின்றது. பில்லோடு ஒரு துண்டுச்சீட்டும் வந்தது. ஒருநாள் பர்மிட். விலை ஐந்து ரூபாய்.

மகாராஷ்டிரத்தில் மது குடிக்கச் சட்டப்படி இன்றும் அனுமதிச்சீட்டு வேண்டும். 1949ஆம் வருடத்து பம்பாய் மதுவிலக்குச் சட்டம் செத்துப்போகவில்லை. திருத்தத்தின் மேல் திருத்தமாக உயிரோடு இருக்கிறது. உடல்நலத்தைப் பேணுவதற்காக இவருக்கு மது தேவைப்படுகிறது என்பது அந்தச் சீட்டின் தர்க்கம். பீருக்கு 21 வயது, மற்ற மதுவுக்கு 25 வயது. பெரும்பாலான இடங்களில் யாரும் சீட்டைக் கேட்பதில்லை, கொடுப்பதுமில்லை. ஆனால் சாதாரண பார்களின் பெயர்ப்பலகைகளில் ‘பர்மிட் ரூம்’ என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தோழி தாராவியில் பிறந்து வளர்ந்தவள். சீட்டைப் பார்த்துச் சிரித்தாள். “எங்க ஆச்சிக்கு இதக் காட்டணும்” என்றாள். ஏன் சிரித்தாள் என்பது எனக்கு மறுநாள்தான் விளங்கியது. இந்த ஊரின் இரவுக்குள் பெண்கள் எந்தெந்த வாசல் வழியாக வந்தார்கள், யாருக்குச் சீட்டு கிடைத்தது, யாருக்கு வழக்கு கிடைத்தது என்று தேடிப் படிக்க வைத்தது அந்தச் சிரிப்புதான்.

பம்பாயின் மதுக்கூட வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கடற்கரையில்தான் தொடங்குவார்கள். 1903இல் திறந்த தாஜ்மகால் ஹோட்டல், 1933இல் அதற்குள் வந்த ஹார்பர் பார், 1935இல் லியோன் ஆபி தன் கறுப்பின அமெரிக்க ஜாஸ் குழுவோடு வந்து இறங்கியது, பிறகு டெடி வெதர்ஃபோர்டின் பியானோ. நரேஷ் ஃபெர்னாண்டஸ் இந்தக் காலத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். இந்த அறைகளுக்குள் பெண்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரச் சீமாட்டிகள், சமஸ்தானத்து ராணிகள், வசதியான பார்ஸி வீட்டுப் பெண்கள். அவர்கள் ஆடினார்கள், குடித்தார்கள். அதை யாரும் ஒழுக்கப் பிரச்சினையாகப் பேசவில்லை. அவர்களுக்காகப் பாடியவர்களும் மேடையில் ஆடியவர்களும் ஆங்கிலோ-இந்திய, கோவாக் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து வந்தார்கள். அவர்கள் விஷயத்தில் ஊருக்கு எப்போதும் ஒரு கருத்து இருந்தது.

அந்தக் கருத்து எப்படிப்பட்டது என்பதை இந்திப் படங்களைப் பார்த்தாலே தெரியும். 1940களின் குக்கூ, அவருக்குப் பின் ஹெலன். ஹெலன் இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலிருந்து தாயோடு நடந்தே அஸ்ஸாம் வந்து சேர்ந்த அகதிக் குழந்தை. பம்பாய் அவருக்குச் சோறு போட்டது, வில்லனின் மதுக்கூடத்தில் ஆடும் பெண்ணாக. கதாநாயகி புடவையில் வீட்டில் இருப்பாள். கிளப்பில் ஆடுகிறவள் கடைசி ரீலுக்குள் குண்டடிபட்டுச் சாவாள். நம் படங்களிலும் ஜோதிலட்சுமியும் ஜெயமாலினியும் சில்க் ஸ்மிதாவும் அதே அறையில்தான் நிற்கவைக்கப்பட்டார்கள். பாரைக் கண்ணால் பார்த்திராத என்னைப் போன்ற லட்சக்கணக்கான தமிழ்ப் பெண்களுக்கு மதுக்கூடம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்த அறைதான்.

அந்த அறைக்குள் புடவை கட்டிக்கொண்டு போன ஒரு பெண்ணும் உண்டு. பம்பாயில் ஒரு தமிழ்க் காவல்துறை அதிகாரியின் மகளாகப் பிறந்த உஷா ஐயர். 1969 வாக்கில் சென்னை அண்ணா சாலையில், சஃபையர் தியேட்டர் வளாகத்து ‘நைன் ஜெம்ஸ்’ கிளப்பில் காஞ்சிபுரம் பட்டும் பெரிய பொட்டுமாகப் பாடத் தொடங்கினார். பிறகு பம்பாயின் ‘டாக் ஆஃப் தி டவுன்’, கல்கத்தாவின் ‘டிரிங்காஸ்’. இன்று உஷா உதுப் என்று அறிகிறோம். பட்டுப்புடவை அவருக்குப் பிடித்த உடை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு வகையில் பர்மிட்டாகவும் வேலை செய்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பர்மிட் இல்லாதவர்களின் கதை வேறு. கோவாப் பாடகி லோர்னா கோர்தெய்ரோ, இசையமைப்பாளர் கிறிஸ் பெர்ரியின் குழுவில் பம்பாயின் இரவுகளைக் கட்டிப்போட்டவர். பெர்ரியைப் பிரிந்தபின் இருபது ஆண்டுகளுக்கும் மேல் மேடையேறவில்லை. 1990களின் நடுவில்தான் திரும்பி வந்தார். பெர்ரி இசையமைப்பதைத் தொடர்ந்தார்.

கடற்கரையை விட்டு உள்ளே வருவோம். மதுவிலக்கு பம்பாய்க்கு இரண்டு முறை வந்தது. 1939 ஆகஸ்ட் 1 அன்று முதல் காங்கிரஸ் அமைச்சரவை கொண்டுவந்தது. போர் தொடங்கி அமைச்சரவை பதவி விலகியதும் அது தளர்ந்தது. இரண்டாம் முறை வந்ததுதான் கடுமையானது. 1950 ஏப்ரலிலிருந்து முழு மதுவிலக்கு. தாஜில் வந்து தங்கும் வெளிநாட்டுக்காரருக்குப் பர்மிட் உண்டு. மருத்துவரிடம் சான்றிதழ் வாங்க முடிந்த கனவானுக்கும் உண்டு. ஆலையிலும் துறைமுகத்திலும் பன்னிரண்டு மணி நேரம் நின்றவனுக்கு இல்லை.

அவனுக்காகத் திறந்தவைதான் ‘ஆன்ட்டி பார்’கள். தோபி தலாவ், மாஹிம், பாந்த்ரா பகுதிகளில் கோவா, கிழக்கிந்தியக் கிறிஸ்தவப் பெண்கள் தங்கள் வீட்டு முன்னறையில் நடத்திய கள்ளச்சாராயக் கடைகள். கடை என்று சொல்வதே மிகை. ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, சுவரில் மாதா படம், தட்டில் அவித்த முட்டையும் உப்புக் கடலையும். கறுப்பு வெல்லமும் அழுகிய பழமும் நவச்சாரமும் போட்டு ஊறவைத்துக் காய்ச்சிய சரக்கு, லாரி டயரின் உள்டியூபில் அடைபட்டு வந்து சேரும். பல பெண்களின் கணவர்கள் கப்பல் வேலைக்குப் போனவர்கள், சிலர் விதவைகள். குழந்தைகளுக்குப் பள்ளிக்கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பத்திரிகையாளர்களும் எழுத்தாளர்களும் தங்கள் இளமைக்கால நினைவுகளில் இந்த ஆன்ட்டிகளைச் செல்லமாக எழுதியிருக்கிறார்கள். கடன் கொடுத்த ஆன்ட்டி, அளவுக்கு மேல் குடித்தால் வீட்டுக்குத் துரத்திய ஆன்ட்டி என்றெல்லாம். ஒரு ஆன்ட்டியாவது தன் வாயால் எழுதிய நினைவு என் கண்ணில் படவில்லை. அவர்களுக்குப் பெயர்கூட இல்லை. ஆன்ட்டி, அவ்வளவுதான்.

தாராவியில் இதே தொழில் தமிழில் நடந்தது. தாராவிச் சாராயம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தூத்துக்குடியிலிருந்து போன வரதராஜ முதலியார். 1987இல் ‘நாயகன்’ வந்தபிறகு அவர் காவியமே ஆகிவிட்டார். ஆனால் ஊறல் போட்டது யார்? மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தோழியின் ஆச்சியைப் பார்க்கப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினைந்து வயதில் கல்யாணமாகி வந்தவர். பர்மிட் சீட்டைக் காட்டினோம். கண்ணாடி போட்டு உற்றுப் பார்த்தார்.

“அஞ்சு ரூவாயா? நாங்க போலீசுக்காரனுக்கு வாரத்துக்கு எவ்வளவு அழுதோம் தெரியுமா?”

“ஆச்சி, நீங்களே காய்ச்சுனீங்களா?” என்று கேட்டேன்.

“காய்ச்சாம பின்ன? இவ தாத்தா தோல் பட்டறையில வாங்குன கூலி அரிசிக்கே காணாது. ஊறல் பானைய குழி தோண்டிப் பொதைச்சு, மேல பாயை விரிச்சு, இவ அம்மையத் தூங்கப் போட்டிருவேன். போலீசு வந்தா பிள்ளைய எழுப்பாதீங்க ஐயான்னு சொல்லுவேன்.”

எத்தனை முறை பிடிபட்டார் என்று கேட்டபோது பதில் சொல்லாமல் காபி போட எழுந்து போனார். தோழி பிறகு சொன்னாள், இரண்டு முறை. ஒரு முறை கைக்குழந்தையோடு.

இதை வீரக்கதையாக்க எனக்கு விருப்பமில்லை. கள்ளச்சாராயம் கொல்லும். 2015 ஜூனில்கூட மும்பையின் மால்வணிக் குடிசைப்பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் விட்டுப்போன மனைவிகளும் பெண்கள்தான். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. 1960களில் மதுவிலக்கு தளர்ந்து, பர்மிட் முறை இலகுவாகி, எழுபதுகளில் பர்மிட் ரூம்கள் தெருவெங்கும் வந்தபோது, உரிமம் வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் துளுநாட்டிலிருந்து வந்து உடுப்பி ஹோட்டல்கள் நடத்திய ஷெட்டிகள். உரிமத்துக்குக் கடைவாடகை வேண்டும், முதல் வேண்டும், அரசு அலுவலகத்தில் ஆள் வேண்டும். ஆன்ட்டிகளிடமும் ஆச்சிகளிடமும் அது எதுவும் இல்லை. சட்டவிரோதமாக இருந்தவரை பெண்களால் நடத்த முடிந்த தொழில், சட்டபூர்வமானதும் ஆண்களின் தொழிலாயிற்று. பர்மிட் ரூமில் பெண் மறுபடி நுழைந்தபோது பரிமாறுகிறவளாகவும் ஆடுகிறவளாகவும்தான் நுழைந்தாள்.

எண்பதுகளில் டான்ஸ் பார்கள் பெருகின. 1982இல் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டு ஆணின் சம்பளம் நின்றுபோன குடும்பங்களின் பெண்கள் சிலர் அங்கே போனார்கள். பேடியா, நட், கஞ்சர் போன்ற, தலைமுறை தலைமுறையாக ஆடலைத் தொழிலாகக் கொண்ட சாதிகளிலிருந்து வடநாட்டுப் பெண்கள் வந்தார்கள். ஆட்டம் இந்திப் படப்பாட்டுக்குத்தான். காக்ராவோ புடவையோ உடம்பு முழுக்க மூடியிருக்கும். திரையில் அதே பாட்டுக்கு ஆடிய நடிகையைவிட அதிகமாகவே மூடியிருக்கும். வாடிக்கையாளர் பத்து ரூபாய் நோட்டுகளைத் தூவுவார். அதில் ஒரு பங்கு முதலாளிக்கு.

2004 ஆகஸ்டில் இந்தப் பெண்கள் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ஆசாத் மைதானத்தில் கூடினார்கள். காவல்துறைச் சோதனைகளுக்கு எதிரான கூட்டம். பாரதிய பார் கேர்ள்ஸ் யூனியன் என்று ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவர் வர்ஷா காளே. மாநிலம் முழுவதும் 75,000 பெண்கள் இந்தத் தொழிலில் இருப்பதாகச் சங்கம் சொன்னது. அடுத்த வருடமே உள்துறை அமைச்சர் ஆர்.ஆர். பாட்டீல் தடையை அறிவித்தார். இளைஞர்கள் கெடுகிறார்கள், குடும்பங்கள் அழிகின்றன என்றார்கள். 2005 ஆகஸ்ட் 15 அன்று தடை அமலுக்கு வந்தது. தேதியை யார் தேர்ந்தெடுத்தார்களோ தெரியவில்லை.

பம்பாய் காவல் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தார்கள். 33அ, உணவகங்களிலும் பர்மிட் ரூம்களிலும் எந்த ஆட்டமும் கூடாது என்றது. 33ஆ, மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஹோட்டல்களுக்கும் ஜிம்கானாக்களுக்கும் உறுப்பினர் மட்டுமே நுழையும் கிளப்புகளுக்கும் இந்தத் தடை பொருந்தாது என்றது. அதே பாட்டு, அதே மது, அதே ஆட்டம். ஆயிரம் ரூபாய் நுழைவுச்சீட்டு வாங்கியவன் பார்த்தால் கலை. பத்து ரூபாய் நோட்டு வைத்திருந்தவன் பார்த்தால் ஆபாசம். ஒரு சட்டத்தின் வர்க்கம் இவ்வளவு பச்சையாக எழுத்தில் கிடைப்பது அபூர்வம்.

எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையமும் ‘ஃபோரம் அகெய்ன்ஸ்ட் ஒப்ரெஷன் ஆஃப் விமன்’ அமைப்பும் சேர்ந்து அந்த வருடம் 50 பார்களில் 500 பெண்களைச் சந்தித்து ஓர் ஆய்வு செய்தன. அரசு சொன்ன கடத்தல் கதைக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. படிப்பு இல்லாத, குடும்பம் முழுவதையும் சுமக்கிற, வேறெங்கும் இந்தக் கூலி கிடைக்காத பெண்களைத்தான் அது காட்டியது. தடைக்குப் பின் மீண்டும் போய்ப் பார்த்தபோது கடனும், பள்ளியை விட்டு நின்ற குழந்தைகளும், பாலியல் தொழிலுக்குள் தள்ளப்பட்டவர்களும் இருந்தார்கள்.

பெண்ணியவாதிகள் இதில் ஒரே குரலில் பேசவில்லை என்பதை மறைக்கக் கூடாது. ஃபிளேவியா ஆக்னஸும் அவருடைய ‘மஜ்லிஸ்’ அமைப்பும் பார் பெண்களின் வாழ்வாதாரத்துக்காக நீதிமன்றம் போனார்கள். தடையை ஆதரித்த பெண்கள் அமைப்புகளும் இருந்தன. தலித் பெண்ணியவாதிகள் இரு தரப்பையும் சங்கடப்படுத்தும் கேள்வி ஒன்றைக் கேட்டார்கள்: எந்தச் சாதிப் பெண் ஆடுகிறாள், எந்தச் சாதி ஆண் உட்கார்ந்து பார்க்கிறான் என்று பார்க்காமல் இதைத் ‘தேர்வு’ என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

தமிழ் வாசகிக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. 1927இல் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தபோது பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்டோர் தங்கள் கலையையும் சொத்துரிமையையும் காட்டி எதிர்த்தார்கள். அதே சமூகத்துக்குள்ளிருந்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பை ஆதரித்து ஊர் ஊராகப் பேசினார். அவருக்கு அது புத்தகத்தில் படித்த அடிமைத்தனம் அல்ல. 1947இல் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1935இல் அடையாற்றில் ருக்மிணி தேவி மேடையேறிவிட்டார். ஆட்டம் பிழைத்தது, வேறு சாதிப் பெண்களின் உடம்பில். மும்பையிலும் அதுதான் நடந்தது. பார் பெண் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அவள் ஆடிய மாதிரியான ஆட்டம் ‘ஐட்டம் நம்பர்’ என்ற பெயரில் கோடிகளில் வியாபாரமாயிற்று. ராமாமிர்தம் அம்மையாரின் பக்கம் நின்று யோசித்தால் எனக்கு முத்துலட்சுமியின் சட்டம் சரி என்றே படுகிறது. பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிக்கு வெளியேறும் வழி இல்லை. ஆனால் 2005 சட்டம் ஒருத்தியையும் எதிலிருந்தும் மீட்கவில்லை. மறுவாழ்வுக்கு ஒரு வேலைகூடத் தயாராக வைக்காமல் விளக்கை மட்டும் அணைத்தது.

பம்பாய் உயர்நீதிமன்றம் 2006 ஏப்ரல் 12 அன்று தடையை ரத்து செய்தது. அரசு மேல்முறையீடு செய்தது. 2013 ஜூலை 16 அன்று உச்சநீதிமன்றமும் ரத்தை உறுதிசெய்தது. நட்சத்திர ஹோட்டலில் உட்காருகிறவனுக்கு ஒழுக்கம் அதிகம், சாதாரண பாரில் உட்காருகிறவனுக்குக் குறைவு என்ற அனுமானத்தை ஏற்க முடியாது என்றது. நோயைவிட மருந்து கொடியதாகிவிட்டது என்ற பொருளில் எழுதியது. அரசு என்ன செய்தது? 2014இல் நட்சத்திர ஹோட்டல்களையும் சேர்த்துத் தடைசெய்து புதுத் திருத்தம் கொண்டுவந்தது. சமத்துவம் வந்துவிட்டதாம். 2015இல் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2016இல் மூன்றாவது சட்டம். அதன் நீண்ட பெயருக்குள் ‘பெண்களின் கண்ணியத்தைப் பாதுகாத்தல்’ என்ற சொற்களும் உண்டு. மேடையைச் சுற்றி மூன்றடி உயரக் கம்பி, பார்ப்பவருக்கும் ஆடுபவருக்கும் ஐந்தடி இடைவெளி, கண்காணிப்புக் கேமரா, கோயிலிலிருந்தும் பள்ளியிலிருந்தும் ஒரு கிலோமீட்டர் தூரம். மும்பை போன்ற ஊரில் கோயிலோ மசூதியோ பள்ளியோ இல்லாத ஒரு கிலோமீட்டரைக் கடலுக்குள்தான் தேட வேண்டும். 2019 ஜனவரி 17 அன்று கேமரா, தூரம் போன்ற நிபந்தனைகளை உச்சநீதிமன்றம் நீக்கியது. நோட்டைத் தூவக் கூடாது, டிப்ஸ் கொடுக்கலாம் என்றது. பதினான்கு ஆண்டுகள். 2005இல் இருபத்திரண்டு வயதில் ஆடிய பெண்ணுக்கு அப்போது முப்பத்தாறு வயது. அந்த வெற்றியைக் கொண்டு அவள் என்ன செய்வாள்?

இதற்கிடையில் வேறொரு வாசல் திறந்துகொண்டிருந்தது. 1914ஆம் வருடத்துப் பஞ்சாப் கலால் சட்டத்தின் 30ஆம் பிரிவு, மது பரிமாறும் இடத்தில் 25 வயதுக்குட்பட்ட ஆண்களும் எந்த வயதுப் பெண்களும் வேலை செய்யக் கூடாது என்றிருந்தது. டெல்லியில் இது அமலில் இருந்தது. 2007 டிசம்பரில் அனுஜ் கார்க் வழக்கில் உச்சநீதிமன்றம் இந்தத் தடை செல்லாது என்றது. பெண்ணைப் பாதுகாக்க வேண்டுமானால் வேலையிடத்தைப் பாதுகாப்பானதாக்கு, அவளை வேலையிலிருந்து விலக்காதே என்பது தீர்ப்பின் சாரம். இதே வகைத் தடையைக் கேரளம் 2013இல் கொண்டுவந்து, 2015இல் உயர்நீதிமன்றத்தில் இழந்தது. இலங்கையில் பெண்கள் மது வாங்குவதையே தடுத்த 1979ஆம் வருடத்து விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களில் ஜனாதிபதி சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னார். மும்பையில் ஷத்பி பாசு எண்பதுகளின் தொடக்கத்திலேயே பார் கவுன்டருக்குப் பின்னால் நின்றவர். பிறகு பார்டெண்டர்களுக்கான பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார். கறிவேப்பிலையைக் கசக்கிய அந்தப் பெண் அவர் திறந்த வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறாள்.

அவளிடம் பேசிப் பார்த்தேன். கல்யாணில் வீடு. “அம்மாவுக்குத் தெரியும். பில்டிங்கில் யாராவது கேட்டால் ஹோட்டல் மேனேஜ்மென்ட் என்று சொல்லுவோம், அக்கா. பொய்யில்லையே” என்றாள் இந்தியில். ‘பார் கேர்ள்’ என்ற சொல்லிலிருந்து ‘மிக்ஸாலஜிஸ்ட்’ என்ற சொல்லுக்கு வர ஒரு சான்றிதழும் கொஞ்சம் ஆங்கிலமும் வேண்டும். மூன்று தெரு தள்ளி பர்மிட் ரூமில் பீர் ஊற்றுகிற பெண்ணும் இவளும் செய்வது ஒரே வேலை என்று சொன்னால் இவளுக்கே பிடிக்காது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வித்தியாசத்தில்தான் அவள் பிழைக்கிறாள்.

குடிக்க வந்திருந்த எங்களுக்கும் அதே பாதுகாப்புதான். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய ‘வை லாய்ட்டர்?’ நூல் மும்பைப் பெண்களைப் பற்றிச் சொல்வதை இங்கே நினைத்துக்கொண்டேன். பொதுவெளியில் நிற்க ஆணுக்குக் காரணம் தேவையில்லை. பெண் எப்போதும் ஒரு காரணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். பை, போன், அவசர நடை, அல்லது கையில் காசு. தொள்ளாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கோப்பை வாங்கியதால் எனக்கு அந்த மேசையில் முறைக்கப்படாமல் உட்கார மூன்று மணி நேரம் கிடைத்தது. கீழே தெருவில், டீக்கடை முன் பத்து நிமிடம் நிற்க அந்தக் காசு உதவியிருக்காது.

இந்த இடம் முன்பு ஆலை. 1920களில் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பெண். மகப்பேறு உதவிச் சட்டம் 1929இல் வந்ததும் முதலாளிகள் பெண்களை எடுப்பதைக் குறைத்தார்கள். இரவுப்பணியில் பெண்கள் கூடாது என்ற விதி இன்னொரு சாக்காயிற்று. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு காலை ஆறு முதல் மாலை ஏழு வரைதான் அவர்களுக்கு வேலை என்று எழுதியே வைத்தது. எண்பதுகளின் வேலைநிறுத்தத்தின்போது ஆலைக்குள் இருந்த பெண்கள் மிகச் சிலர். எந்தக் கட்டடத்துக்குள் இரவில் பெண் இருக்கக் கூடாது என்று சட்டம் சொன்னதோ, அதே வளாகங்களில் இரவு ஒரு மணிக்குப் பெண்கள் கூட்டம் நிரம்பி வழிகிறது. கூலி வாங்க அல்ல, பணம் கொடுக்க.

2017 டிசம்பர் 29 அன்று, நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில், இதே பகுதியின் கமலா மில்ஸ் வளாகத்தில் மொட்டைமாடி மதுக்கூடங்களில் தீப்பிடித்தது. இறந்த 14 பேரில் 11 பேர் பெண்கள். பலர் கழிவறைக்குள் தஞ்சம் புகுந்து மூச்சுத்திணறிச் செத்தார்கள். அடுத்த நாள்களில் சமூக ஊடகங்களில், அந்த நேரத்தில் பெண்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. அவசர வழி எங்கே போயிற்று என்று கேட்டவர்கள் குறைவு.

நான் கேட்டேன். பெண்கள் கழிவறைக்குப் போனபோது வாசலில் நீலச் சீருடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். துடைக்கக் காகிதம் எடுத்துக் கொடுப்பதும் தரையைத் துடைப்பதும் அவர் வேலை. தீப்பிடித்தால் எந்தப் பக்கம் போக வேண்டும், மௌசி, என்று கேட்டேன். சமையலறை வழியாக ஒரு படி இருக்கிறது, ஆனால் அதில் காலிப் பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள் என்றார். ஒன்றரை மணிக்குப் பார் மூடியதும் பார்டெண்டர் பெண்ணையும் பரிமாறும் பெண்களையும் நிர்வாகத்தின் வண்டி வீட்டில் விடுமாம். உங்களை?

“அந்த வண்டி ஸ்டாஃபுக்கு. நான் கான்ட்ராக்ட்” என்றார். மான்குர்த்தில் வீடு. மூடிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு இதே ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணயர்வாராம். முதல் லோக்கல் நாலே கால் வாக்கில்.